ஆப்ரியின் ரிப்பனில் என் தையல்

மார்ல்ஹர்ஸ்ட், கென்ட்
1974 ஜூலை 11, வியாழன்

அன்புள்ள மகள் ஜில்லுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை டெரெக்கும் குழந்தை ஃபியோனாவும் அங்கே நியூசிலாந்துக் குளிரில் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே அம்மா நலம், முழங்கால் வலி இருக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நானும் நலம் என்றுதான் எழுதக் கை போகிறது, அது பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று வாரமாக எதைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். அம்மா டாக்டரைப் பார்க்கச் சொல்கிறாள். ஊர் ஜனங்களைப் பார்த்து வருகிற குமட்டலுக்கு டாக்டர் என்ன மாத்திரை வைத்திருக்கிறார்? அதிலும் பாதி என்னை நினைத்தே வருவது.

தோட்டத்தில் பீன்ஸ் நன்றாக ஏறியிருக்கிறது, முட்டைக்கோஸை நத்தை தின்றுவிட்டது, நீ நட்டுவிட்டுப் போன ரோஜாவின் இலையெல்லாம் கரும்புள்ளி. வழக்கமாக இத்தோடு கடிதத்தை மூடியிருப்பேன். ஆனால் ஏழு வயதில் நீ என்னை ஒன்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா அம்மாடி? நவம்பரில், போரில் இறந்தவர்களுக்கான நினைவு ஞாயிறன்று உன் ஞானத்தாய் முரியல் உன் கையைப் பிடித்து சர்ச் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவாள், அவள் தம்பி ஆப்ரியின் கல்லறையில் நீ பூ வைப்பாய். நான் மட்டும் வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். “அப்பா, நீ மட்டும் ஏன் உள்ள வரவே மாட்டேங்குறே?” என்று கேட்டாய். பூட்ஸில் சேறு என்றேன். முப்பத்துநான்கு வருஷமாக என் பூட்ஸில் சேறுதான். அந்தப் பதிலை இப்போது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதமும் வேறு வழியில்லாமல் முரியலின் தபாலாபீஸ் கவுன்டரைத் தாண்டித்தான் உன்னிடம் வரவேண்டும்.

உனக்குத் தெரிந்த ஆப்ரி ஹாக்பென் முரியல் வீட்டுச் சுவரில் தொப்பியைச் சாய்த்துக்கொண்டு சிரிக்கிற போட்டோ. எனக்குத் தெரிந்த ஆப்ரி தினமும் காலையில் வாந்தி எடுப்பான். நாற்பதாம் வருஷக் கோடையில் அவன் ஓட்டின சண்டை விமானத்துக்கு நான்தான் உடல் மெக்கானிக். இன்ஜினை வேறு ஒருவன் பார்த்தான், இறக்கையும் உடலும் அதன்மேல் போர்த்திய லினன் துணியும் என் பொறுப்பு. குண்டு துளைத்த இடத்தில் மெழுகு நூலால் தைத்து, ஒட்டுப் போட்டு, பூச்சு பூசி, கிளம்பச் சொல்லி அடுத்த மணி அடிப்பதற்குள் தயாராக்கிவிடுவேன். விடியலில் அவன் வருவான், வாலுக்குப் பின்னால் போய்க் குனிவான். மற்ற பைலட்டுகள் பார்க்காதபடி நான் குறுக்கே நிற்பேன். முடிந்ததும் தீயணைப்பு வாளியிலிருந்து ஒரு கை மணலை அள்ளி அதன்மேல் போடுவேன். அப்புறம் அவன் அப்பா தோட்டத்து ஆப்பிள் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, வாய்க் கசப்பு போகப் பாதி தின்றுவிட்டு, மீதியை என் கையில் கொடுப்பான். “வச்சிரு லென், வந்து தின்னுக்கறேன்” என்பான். அறுபத்துமூன்று தடவை அப்படிப் போனான், அறுபத்திரண்டு தடவை வந்து மீதியைத் தின்றான். இப்போது மேடை கிடைத்தவனெல்லாம் அவனைப் பயமே அறியாதவன் என்கிறான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பயம் தெரியாதவன் மேலே போவதில் என்ன இருக்கிறது? குடலே வெளியே வருகிற அளவுக்குப் பயந்தவன் வாயைத் துடைத்துக்கொண்டு ஏறினான், அதைத்தான் நான் பார்த்தேன்.

அவனுக்கு ஒரு பதக்கம் உண்டு, அது எதற்குக் கிடைத்தது என்று இந்த ஊரில் பத்துப் பேரைக் கேட்டுப் பார், ஒருவருக்கும் தெரியாது. அந்த ஜூலையில் ஆப்ரியோடு பறக்கிற டட்லி என்ற சார்ஜென்ட், விமானம் அடிபட்டு, ஆங்கிலக் கால்வாய்க் கடலின் நடுவே பாரசூட்டில் குதித்தான். ஆப்ரி அவன் தலைக்குமேல் தாழப் பறந்து வட்டமடித்தபடியே இருந்தான், அப்போதுதான் கரையிலிருந்து படகுக்காரர்களுக்கு இடம் தெரியும். எதிரி விமானம் இரண்டு வந்தன. ஆப்ரியின் துப்பாக்கிகளில் ஒரு குண்டுகூட மிச்சம் இல்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் இரண்டின் மூக்குக்கு நேரேயும் மாறிமாறிப் பாய்ந்தான், பாய்ந்து பாய்ந்து விரட்டினான். நாற்பது நிமிஷம். மீன்படகு டட்லியைத் தூக்கின பிறகுதான் திரும்பினான், எங்கள் வேலியைத் தாண்டும்போது இன்ஜின் நின்றுவிட்டது, தொட்டியில் சொட்டு பெட்ரோல் இல்லை. அன்றைக்குப் பதினோரு ஓட்டை தைத்தேன். அடுத்த மாதம் வெள்ளிச் சிலுவை அறிவித்தார்கள், மார்பில் குத்திக்கொள்ள ஊதாவும் வெள்ளையும் சாய்கோடு போட்ட சின்ன ரிப்பன் துண்டு வந்தது. அதை நேரே என்னிடம் கொண்டுவந்தான். “தையக்காரன்கிட்டக் குடுத்தா ஒரு வாரம் பண்ணுவான், நீயே தைச்சுடுப்பா. இறக்கை பிஞ்சாலும் உன் தையல் பிரியாதுல்ல” என்றான். மெழுகு நூலில், இறக்கைக்குப் போடுகிற அதே முடிச்சுத் தையலில், எட்டு முடிச்சு போட்டுத் தைத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட்ட வேலைகளில் அது ஒன்று.

செப்டம்பர் முதல் வாரத்தில் அறுபத்துமூன்றாவது தடவை போனவன் நம் ஊர்ச் சதுப்பு நிலத்திலேயே வந்து விழுந்தான், நேர் செங்குத்தாக. விமானம் முப்பதடி களிமண்ணுக்குள் போய்விட்டது. நாங்கள் லாரியில் போனபோது தண்ணீர் ஊறுகிற ஒரு குழியும் எண்ணெய் வாடையும்தான் இருந்தது. இரண்டு நாள் தோண்டினார்கள், ஒரு கையுறை கிடைத்தது. சண்டை நடக்கும்போது ஒரு விமானத்துக்காக மேலும் தோண்ட ஆள் இல்லை. ஆனால் குடும்பம் ஒரு மைலில் இருக்கிறது, அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம், முரியல் தினமும் முகாம் வாசலில் வந்து நின்றுகொண்டு “என் தம்பிய எப்போ குடுப்பீங்க?” என்று கேட்கிறாள். ஆபீஸ் வேலை பார்க்கிற அதிகாரி என்னைக் கூப்பிட்டார். “வெறும் சவப்பெட்டியத் தூக்கினா தூக்குற நாலு பேருக்கும் தெரிஞ்சுடும்யா. அவங்களுக்கு ஒரு அடக்கம் வேணும். நீ அவனோட எடை தெரிஞ்சவன்” என்றார். தெரியும். தினமும் பெல்ட்டை இறுக்கிக் கட்டி உட்காரவைத்தவன் நான். துப்பாக்கிக் குழியிலிருந்து மணல் எடுத்துப் பைகளில் கட்டி, நூற்று நாற்பத்தாறு ராத்தல் நிறுத்துப் பெட்டிக்குள் அடுக்கினேன், உருளாமல் இருக்க வைக்கோல் திணித்தேன், கையுறையை மேலே வைத்தேன், ஆணி அடித்தேன். டட்லி உட்பட நாலு பேர் அந்த மணலைத் தோளில் சுமந்தார்கள். ஊரே அழுதது. முரியல் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அன்றைக்கு உள்ளே போனதுதான் கடைசி, அதற்கப்புறம் என்னால் அந்தக் கதவைத் தாண்ட முடியவில்லை. சண்டை முடிந்து உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு இதே ஊரில் தங்கினேன், முரியல் உனக்கு ஞானத்தாய் ஆனாள், ஒவ்வொரு கிறிஸ்துமஸும் நம் மேசையில் சாப்பிட்டாள், நான் வாயைத் திறக்கவில்லை. என்ன பிறவி என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாத வருஷம் இல்லை.

இப்போது ஜூன் மாதத்துக்கு வருகிறேன். ட்ரெவர் பின்னாக் என்று ஒருவன், பக்கத்து டவுனில் கார் விற்கிறவன், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பழைய விமானங்களைத் தோண்டி எடுக்கிறான். பொழுதுபோக்காம். வசந்தத்தில் மண்வாரி இயந்திரம் வைத்து நம் சதுப்பைத் தோண்டினார்கள். ஜூன் 22 சனிக்கிழமை ஊர் விழாவில், உன் அம்மாவின் எலுமிச்சைக் கேக் மேசைக்கும் ஊறுகாய் மேசைக்கும் நடுவில் அவன் கடை போட்டிருந்தான். கழுவித் துடைத்த தகடுகள், வளைந்த பைப்புகள், பிஸ்டனை அறுத்துச் செய்த சாம்பல் தட்டு. ஜனங்கள் கையில் எடுத்து எடுத்துப் பார்க்கிறார்கள், நன்கொடைப் பெட்டியில் காசு போட்டுவிட்டு வீட்டுக்கு ஆளுக்கொரு துண்டு எடுத்துப் போகிறார்கள். ஆப்ரியின் விமானத்தில் சுருட்டுச் சாம்பலைத் தட்டப்போகிறார்கள்! ஊராட்சித் தலைவி திருமதி கார்ஸ்டேர்ஸ் மைக்கைப் பிடித்து, பற்றியெரிகிற விமானத்தைக் கடைசி நொடியில் நம் பள்ளிக்கூடத்தின்மேல் விழாமல் திருப்பிக் குழந்தைகளைக் காப்பாற்றிய மாவீரன் என்றாள், எல்லோரும் கைதட்டினார்கள். இந்த நாட்டில் எந்த விமானம் எங்கே விழுந்தாலும் ஒரு பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அந்த வாரம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது, அத்தனை பிள்ளைகளும் தாய்மாரோடு ஹாப் கொடித் தோட்டங்களில் பீருக்குக் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள், இப்போது கைதட்டியவர்களில் பாதிப்பேர் வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகள்தான். செய்யாததற்குக் கைதட்டல். செய்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்குப் போய்விடலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் கடையின் நடுவே, கருப்பு வெல்வெட்டில் குத்தியிருந்த ரிப்பன் கண்ணில் பட்டது. ஊதாவும் வெள்ளையும் மங்கிப் போயிருந்தன, அந்தக் களிமண் எதையும் அழுகவிடாது. கிட்டே குனிந்தேன். எட்டு முடிச்சு. பழுப்பு மெழுகு நூல். பின்னால் உள்ளங்கை அகலத்துக்குச் சட்டைத் துணி. நான் சட்டையோடு சேர்த்துத் தைத்தது அது, சட்டை அவன் உடம்பில் இருந்தது. பின்னாக்கை ஓரமாகக் கூப்பிட்டு, “இந்தச் சட்டைக்குள்ள இருந்த ஆளு எங்கே?” என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு என் காதில் சொல்கிறான், ஏதோ நல்ல சேதி சொல்வது போல: “ஆமா பெரியவரே, ஆளு இருக்கார். கொஞ்சம்தான். என் காரேஜ்ல ஒரு சாக்குல பத்திரமா வச்சிருக்கேன். இப்ப போலீசுக்குச் சொன்னா வேலைய நிறுத்திடுவாங்க, இன்ஜின் இன்னும் உள்ளயே இருக்கு பாருங்க. அதை எடுத்துட்டு அப்புறம் முறைப்படி பண்ணிக்கலாம்.” என்ன சாக்கு என்று கேட்டேன். உரச் சாக்கு என்றான். நான் ஊறுகாய் மேசைக்குப் பின்னால் போய், ஆப்ரி மாதிரியே குனிந்து, வாந்தி எடுத்தேன்.

பாதிரியாரிடம் போனேன். டீ கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “லென், அவருக்குத்தான் ஏற்கெனவே ஒரு கல்லறை இருக்கே. ஒருத்தரை ரெண்டு தடவை அடக்கம் பண்றது நல்லாவா இருக்கும்? முரியல் நிம்மதியா இருக்காங்க, அதைக் கெடுக்கணுமா?” என்றார். கார்ஸ்டேர்ஸ் அம்மாளிடம் போனேன். அங்கேயும் டீ. அக்டோபரில் நினைவுக் கல் திறக்கிறோம், அமைச்சகத்திலிருந்து ஆள் வருகிறார், இப்போது போய் இந்த அசிங்கத்தைக் கிளறாதீர்கள் என்றாள். அசிங்கம்! சாக்கில் கிடக்கிறவன் அசிங்கம், கல்லில் வெட்டிய பெயர் அழகு. எல்லோருக்கும் முரியல்மேல் அப்படி ஒரு கரிசனம். யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே எந்த அக்கிரமத்தின்மேலும் ஒரு மேசை விரிப்பைப் போட்டுக் கோப்பையை வைத்துவிடுகிற சாதி நாம். இதை நினைத்துக் கொதித்துக்கொண்டே நடந்தேன், பாதி வழியில்தான் உறைத்தது, முதல் விரிப்பைப் போட்டவன் நான்தானே. சாக்கிலிருந்து அவனை வெளியே எடுக்க வேண்டுமானால் பெட்டியில் இருப்பது மணல் என்று நான் சொல்லியாக வேண்டும், அதுவும் அவளிடம். ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன். ஒன்பது நாளும் அவன் சாக்கிலேயே கிடந்தான். அதையும் எழுதிவிடுகிறேன்.

பத்தாம் நாள், திங்கட்கிழமை, மதியம் தபாலாபீஸ் அடைக்கிற நேரத்துக்குப் போனேன். முரியல் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன், மணல், ஆணி, ரிப்பன், சாக்கு. முத்திரை குத்துவதை அவள் நிறுத்தவே இல்லை, கடைசிக் கடிதம் வரை குத்தினாள். அப்புறம் “எத்தனை ராத்தல் போட்டே?” என்று கேட்டாள். நூற்று நாற்பத்தாறு என்றேன். “சரியாத்தான் போட்டிருக்கே” என்றாள். அழுவாள், அறைவாள் என்று நினைத்துக்கொண்டு போனவனுக்கு அதுதான் தாங்கவில்லை. ஞாயிறு தவறாமல் அந்தக் கல்லிடம் போய் வார விசேஷமெல்லாம் சொல்லிவிட்டு வருகிறவள் அவள். “அப்போ நான் யார்கிட்டடா இத்தனை வருஷம் பேசினேன்?” என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். கதவில் அடைப்புப் பலகையைத் திருப்பினாள், புதுக் கான்வாஸ் தபால் பை ஒன்றை எடுத்தாள், பதிவுத் தபால் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்தாள். “வண்டிய எடு” என்றாள்.

பின்னாக் வீட்டில் அவன் மனைவி கதவைத் திறந்து டீ சாப்பிடுகிறீர்களா என்றாள். “முதல்ல என் தம்பியக் குடுங்க. அந்த டீய நீங்களே குடிங்க” என்றாள் முரியல். காரேஜில் புல்வெட்டி இயந்திரத்துக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவே அந்தச் சாக்கு சாய்ந்திருந்தது. பின்னாக் கையைப் பிசைந்துகொண்டு, நாங்களெல்லாம் அந்த வீரர்கள்மேல் எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறோம் தெரியுமா என்று ஆரம்பித்தான். அவள் அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. முழங்காலிட்டு, சாக்கில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே தபால் பைக்கு மாற்றினாள், ரொம்பக் கொஞ்சம்தான் ஜில், ஒரு பூட்ஸ், மற்றதை நான் எழுதமாட்டேன். அந்த வெல்வெட்டிலிருந்து ரிப்பனையும் எடுத்துக்கொண்டாள். அப்புறம் புத்தகத்தை நீட்டி ஒப்படைத்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னாள். “பொருள்னு இருக்கே, அதுல என்னன்னு எழுதறது?” என்று அந்த மடையன் கேட்டான். “ஆப்ரி ஹாக்பென்னு எழுதுங்க” என்றாள். எழுதினான். அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷன். நீங்களே எடுத்துவந்தது முறையில்லை என்று சார்ஜென்ட் சொன்னார். உரச் சாக்கில் வைத்திருந்தது எந்த முறை என்று இவள் கேட்டாள், அவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பையை வாங்கினார்.

பின்னாக் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும்போது பை அவள் மடியில் இருந்தது. அந்தக் கடைசிக் காலை எப்படி இருந்தது, ஒன்று விடாமல் சொல் என்றாள். சொன்னேன், வாந்தியையும் சேர்த்து. அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, பையைத் தடவிக்கொண்டே கேட்டாள். பாதி ஆப்பிளைக் கொடுத்துவிட்டுப் போனான் என்றேன். “அதை என்ன பண்ணே?” என்றாள். சாயங்காலம் வரை கையில் வைத்திருந்தேன், வரமாட்டான் என்று தெரிந்ததும் தின்றுவிட்டேன், பசித்தது முரியல், என்றேன். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கார் ஜன்னலைக் குத்திக் குத்தி அழுதாள். “மணலக்கூட மன்னிச்சுடுவேன்டா லென். அதை நான் பறிச்சுக் குடுத்தேன், விடியக்காலைல ஏணி போட்டு ஏறிப் பறிச்சேன். அதை நீ தின்னிருக்கக் கூடாது” என்றாள்.

இப்போது ஊரில் பாதி என்னோடு பேசுவதில்லை, நிம்மதியைக் கெடுத்துவிட்டேனாம். போகட்டும். பின்னாக்மேல் வழக்கு வரும் என்கிறார்கள், சதுப்பில் தோண்டுவதைத் தடுத்துவிட்டார்கள். மரண விசாரணை முடிந்து, செப்டம்பரில் ஹாப் பறிக்கும் சமயத்தில் கல்லறையைத் திறக்க அனுமதி வரும். முரியல் என்னோடு தபால் விஷயம் மட்டும்தான் பேசினாள், நேற்று வரை. நேற்று இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை வாங்கப் போனபோது மீதிச் சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, தலை நிமிராமலேயே சொன்னாள்: “அன்னிக்குக் கேட்டுலயே நின்னுடாதே. வாளி எடுத்துட்டு உள்ள வா. நீ போட்ட மணல நீயே அள்ளணும். அப்பா தோட்டத்துல ஒரு மரம் இன்னும் நிக்குது, வரும்போது அதுல ஒரு ஆப்பிள் பறிச்சுட்டு வா. இந்தத் தடவ முழுசா இருக்கணும்.” சரி என்றேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, ஏணி ஏறுவதற்கு அம்மா திட்டுவாள், ஏறத்தான் போகிறேன். பூட்ஸில் எவ்வளவு சேறு இருந்தாலும் உள்ளே போவேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் ஆண்டவர் நல்ல உடம்பும் நேரான வாயும் கொடுக்கட்டும். முரியலுக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது, ஆறுதல் வார்த்தை வேண்டாம், ஃபியோனா என்ன சேட்டை பண்ணுகிறாள் என்று மட்டும் எழுது. குளிரில் குழந்தையின் காதை மூடிவை. அவளும் இனிமேல் கேள்வி கேட்கிற வயதுக்கு வந்துவிடுவாள். உன்னிடம் ஏதாவது கேட்டால், என்னைப் போலச் சேறு என்று சொல்லிவிடாதே கண்ணு.

உன் அப்பா,
லென் பென்ஃபோல்ட்